முதன்முறை பனியில் கால் வைக்கும் மனைவியோடு எந்த மலைக்குப் போவது?

கேள்வி: மியூனிக்கில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபோது பனிச்சறுக்கு கற்றுக்கொண்டேன். ஒழுங்குபடுத்தப்பட்ட பாதையாக இருந்தால் சிவப்புக் குறியிட்டதில்கூடத் தடுமாறாமல் இறங்குவேன். இப்போது மதுரைக்கே திரும்பிவிட்டேன்; திருமணமும் ஆகிவிட்டது. மனைவி மேலூர்ப் பக்கம், மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநர். பனியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார், உயரமென்றால் பயம். "நீங்க போய்ச் சறுக்கிட்டு வாங்க, நான் கீழ உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன்" என்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை. போக வரச் சேர்த்து ஒன்பது நாள் கிடைக்கும்; பொங்கலை ஒட்டியும் போகலாம், பிப்ரவரியிலும் போகலாம். குல்மார்க், ஆலி, நான் பழகிய ஆஸ்திரியாவின் மைர்ஹோஃபன் ஆகிய மூன்றில் எது சரி? நானே சொல்லிக்கொடுத்தால் போதாதா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

மனைவியைக் கீழே உட்கார வைத்துவிட்டுத் தனியே மேலே போக மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணமே பாதி விடையைத் தந்துவிடுகிறது. குளிர்கால மலைப் பயணங்களை மதுரையிலிருந்து ஏற்பாடு செய்து தருவது என் தொழில். தம்பதியரில் ஒருவருக்குச் சறுக்கத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாதபோது, பெரும்பாலும் தெரிந்தவருக்குப் பிடித்த மலையைத்தான் முதலில் முடிவு செய்கிறார்கள். தெரியாதவருக்கு அங்கே ஏதாவது ஓர் ஓரம் கிடைக்காதா என்று பிறகு தேடுகிறார்கள். இந்த வரிசையை மாற்றிப் போட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. அதிலும், உங்கள் மனைவியின் முதல் நாளை நினைத்து இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவருடைய மூன்றாம் நாளை நினைத்துத் தேர்ந்தெடுங்கள்.

ஏன் மூன்றாம் நாள் என்பதை விளக்கிவிடுகிறேன். முதல் நாளில் கற்பவருக்குத் தேவைப்படுவது மிகக் கொஞ்சம்: பூட்ஸ் போட்டு நடக்க, பக்கவாட்டில் அடி வைத்து மேட்டில் ஏற, காலில் மாட்டும் நீண்ட சறுக்குப் பலகையான ஸ்கீயின் முன் நுனிகளை நெருக்கிப் பின்புறத்தை அகற்றி வைத்து நிற்க, ஒரு சிறு மேடு போதும். உலகத்தில் பனிச்சறுக்கு நடக்கும் இடம் எதிலும் அந்த மேடு இருக்கும். இரண்டாம் நாளில் இடமும் வலமும் திரும்பப் பழகுவார். அதுவும் அதே மேட்டில் நடந்துவிடும். மூன்றாம் நாள் காலையில்தான் சிக்கல் தொடங்குகிறது. அந்த மேடு அவருக்கு அலுத்துவிடும். அதைவிடச் சற்றே நீளமான, சற்றே சாய்வான, அகலமான இன்னொரு சரிவு அவருக்கு வேண்டும். அப்படி ஒன்று அந்த மலையில் இல்லையென்றால், பழைய இடத்திலேயே மேலும் கீழுமாகப் போய்வந்து ஆர்வம் வற்றிப்போகும். இல்லையேல், "இவ்வளவு கற்றுக்கொண்டாயே, வா" என்று கணவர், கிணற்றில் தள்ளி நீச்சல் பழக்குவதைப் போல, மேலே கூட்டிக்கொண்டு போய்விடுவார். "இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று ஒருவர் முடிவு செய்வது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் என்பது என் அனுபவம். ஆகவே எந்த ஊரின் வரைபடத்தைப் பார்த்தாலும், இந்த இரண்டாவது சரிவு எங்கே இருக்கிறது, அதற்கு ஏற்றிச் செல்லும் இயந்திர வசதி, அதாவது லிஃப்ட், எது என்று முதலில் தேடுங்கள்.

வரைபடத்தில் உள்ள நிறங்களை மட்டும் நம்பி இதைத் தேட முடியாது. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் நீலம் என்றால் ஏறத்தாழ 25 சதவீதச் சாய்வுக்குள், சிவப்பு என்றால் 40 சதவீதத்துக்குள், அதற்கு மேல் கறுப்பு என்பது பொது அளவுகோல். ஆனால் இடையில் வரும் ஒரு சிறு செங்குத்துப் பகுதிக்காக நிறத்தை மாற்ற மாட்டார்கள். பிரான்சில் நீலத்துக்குக் கீழே பச்சை உண்டு. ஜப்பானில் பச்சை, சிவப்பு, கறுப்பு என்றே போகும். அமெரிக்காவிலோ ஒரு மலையின் பாதைகளை அதே மலையின் மற்றப் பாதைகளோடு ஒப்பிட்டுத்தான் குறியிடுகிறார்கள். உங்கள் கால்களுக்குத் தெரியாமல் கடந்துபோன ஐம்பது மீட்டர்த் திருப்பம் ஒன்று, புதிதாகக் கற்பவருக்கு அந்த நாளையே கெடுத்துவிடும். நீங்கள் "சுலபமான பாதை" என்று நினைவில் வைத்திருப்பவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இப்போது நீங்கள் பழகிய மைர்ஹோஃபனை எடுத்துக்கொள்வோம். ஊர் 630 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. எனவே கற்பவர் ஊரிலேயே தொடங்க முடியாது, கேபிள் காரில் மேலே போயாக வேண்டும். கற்பவர்களுக்கு ஏற்ற அகன்ற மேட்டு நிலம் ஆஹோர்ன் மலையில் இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த பாதைகளோ எதிரே உள்ள பெங்கன் மலையில். 78 சதவீதச் சாய்வுள்ள ஹராகிரி பாதையும் அங்கேதான். இரண்டு மலைகளையும் சறுக்கிக் கடக்க முடியாது. ஒன்றிலிருந்து ஊருக்கு இறங்கி, ஊரைக் கடந்து, மற்றொன்றின் கேபிள் காரில் ஏற வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குச் சேரலாம் என்று நினைத்தால் ஒன்றரை மணி நேரம் இதிலேயே போய்விடும். நடைமுறையில் இருவரும் மாலைவரை பிரிந்தே இருப்பீர்கள். மைர்ஹோஃபன் நல்ல ஊர்தான், ஆனால் "இருவரும் சேர்ந்து" என்ற உங்கள் விருப்பத்துக்கு அது எதிரான அமைப்பு. ஆஸ்திரியாவுக்கே போவதென்றால், அதே தீரோல் மாநிலத்தில் ஓட்ஸ்டால் பள்ளத்தாக்கின் முடிவில் உள்ள ஓபர்குர்கிளைப் பாருங்கள். ஊரே 1,930 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பனிக்குப் பஞ்சம் குறைவு. பயிற்சி மேடும், அடுத்த நிலைக்கான அகன்ற பாதைகளும், உங்களுக்கான சிவப்புப் பாதைகளும் ஒன்றுக்கொன்று அருகில் இருக்கின்றன. பிரபலமான பெயர் என்பதற்காக ஸாங்க்ட் அன்டோனை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அங்கே நீலப் பாதைகளில்கூட நெரிசலும் சாய்வும் அதிகம், கற்பவருக்கு அது கருணை காட்டாத மலை.

குல்மார்க்கைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பலர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு போகிறார்கள். ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில், 2,650 மீட்டர் உயரத்தில், மரங்கள் சூழ்ந்த ஒரு பெரிய புல்வெளிதான் குல்மார்க். கோடையில் கோல்ஃப் விளையாடும் அந்த வெளியின் ஓரங்களில் உள்ள மென்மையான சரிவுகளே தொடக்கக்காரர்களின் பயிற்சிக் களம். நின்றபடியே பனிமேல் இழுத்துச் செல்லும் இழுவை லிஃப்டும் அங்கே உண்டு. அங்கிருந்து கொண்டோலா எனப்படும் மூடிய கேபிள் காரின் முதல் கட்டம் 3,080 மீட்டர் அளவில் உள்ள காங்டூரிக்கும், இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டருக்கும் போகிறது. காங்டூரியிலிருந்து மேரிஸ் ஷோல்டர் என்ற முகட்டுக்கு கம்பியில் தொங்கும் இருக்கைகளில் ஏற்றிச் செல்லும் ஒரு சேர்லிஃப்டும் இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், குல்மார்க்கில் அடிமட்டமும் உச்சியும் மிகச் சிறப்பாக இருக்கின்றன, நடுப்பகுதி குறைவு. கீழே சாதுவான புல்வெளி. மேலே உலகின் பல நாடுகளிலிருந்து தேர்ந்தவர்கள் தேடி வரும், இயந்திரம் போட்டு நிரவாத ஆழ்ந்த பனி.

இந்த உச்சி உங்களுக்கும் உரியதில்லை என்பதை மனம் விட்டுச் சொல்கிறேன். ஆஸ்திரியாவில் நீங்கள் கற்றது, இரவோடிரவாக இயந்திரத்தால் நிரவப்பட்ட பாதையில் சறுக்கும் திறமை. அஃபர்வத்தில் முழங்காலளவு, சில நாட்களில் தொடையளவு பனியில் இறங்குவது தனிக் கலை. அதற்கு அகன்ற ஸ்கீயும், உடலை வேறு விதமாக நிறுத்தும் பழக்கமும், பனிச்சரிவு பற்றிய அறிவும் வேண்டும். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் குல்மார்க்கின் மேல் சரிவுகளில் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்கள். உள்ளூர் வழிகாட்டியும், பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டறியும் சமிக்ஞைக் கருவியும், மண்வெட்டியும், துழாவும் கோலும் இல்லாமல் அங்கே ஏறக் கூடாது. கருவி இருந்தும் பயன்படுத்தப் பழகாதவராக இருந்தால், இந்தப் பயணத்தில் உச்சிக்குப் போவதை விட்டுவிடுங்கள். மேரிஸ் ஷோல்டர் சரிவு உங்களுக்குப் போதுமான வேலை கொடுக்கும்.

உத்தராகண்டில் உள்ள ஆலியின் சரிவுகள் கற்பவருக்கு உண்மையிலேயே உகந்தவை. நந்தா தேவி சிகரத்தைப் பார்த்துக்கொண்டே பழகலாம். அம்மாநில அரசின் சுற்றுலா நிறுவனமான கர்வால் மண்டல் விகாஸ் நிகம் ஏழு நாள், பதினான்கு நாள் வகுப்புகளை நடத்தி வந்திருக்கிறது. ஆனால் ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரைக்கும் மட்டுமே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் மலைச்சாலை. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் உள்வாங்கியபோது அங்கிருந்து ஆலிக்குச் செல்லும் ரோப்வேயையும் நிறுத்தினார்கள். அதை நம்பித் திட்டமிட முடியாது. மதுரையிலிருந்து போய்வரும் ஒன்பது நாளில் நான்கு நாள் பயணத்திலேயே கழிந்துவிடும் என்பதால் ஆலியை இந்த முறை நீக்கிவிடுங்கள். மணாலி அருகே சோலாங் நீங்கள் கேட்காதது. கேட்டிருந்தாலும், பனி பார்க்க வரும் கூட்டத்துக்கு நடுவே நிதானமாகக் கற்க முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

காலத்தைப் பொறுத்தவரை, பொங்கலா பிப்ரவரியா என்பது இடத்தைப் பொறுத்து மாறும். ஆஸ்திரியாவில் ஜனவரி 6ஆம் தேதித் திருநாள் முடிந்ததும் விடுமுறைக் கூட்டம் கலைந்துவிடும். பிப்ரவரியில் பள்ளி விடுமுறைகள் தொடங்கும்வரை விலையும் இறங்கியிருக்கும், பாதைகளும் காலியாக இருக்கும். நம் பொங்கல் விடுமுறை சரியாக அந்த இடைவெளியில் விழுகிறது. அங்கே குழு வகுப்புகள் பெரும்பாலும் ஞாயிறு அல்லது திங்களில்தான் தொடங்கும் என்பதால், வாரத்தின் நடுவில் போய் இறங்கினால் உங்கள் மனைவிக்குச் சேரக் குழுவே இருக்காது. குல்மார்க்கில் நிலைமை வேறு. காஷ்மீரத்தார் சில்லை கலான் என்று சொல்லும் நாற்பது நாள் கடுங்குளிர் டிசம்பர் 21இல் தொடங்கி ஜனவரி இறுதியில் முடிகிறது. அந்தக் காலத்தில் விழும் பனி உறைந்து அடித்தளமாக நிற்க, அதன்மேல் பிப்ரவரியில் சறுக்குவதே நல்லது. அண்மை ஆண்டுகளில் இதுவும் முன்னைப்போல் உறுதியாக இல்லை: 2024 ஜனவரியின் பெரும்பகுதியில் குல்மார்க் புல்வெளி பனியின்றிக் காய்ந்து கிடந்தது; 2025இல் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளை பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். எனவே குல்மார்க் என்றால் பிப்ரவரி, அதிலும் அறையைப் பணம் திரும்பக் கிடைக்கும் முறையில் பதிவு செய்துகொண்டு, புறப்படும் முன் பத்து நாட்களில் பனி நிலவரத்தைப் பார்த்து உறுதிசெய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் ஓபர்குர்கிளுக்குத்தான் முதலிடம். ஆயினும் உங்கள் மனைவி இதுவரை பனியைத் தொட்டதே இல்லை. அவருக்கு இது பிடிக்குமா என்பது அவருக்கே இன்னும் தெரியாது. ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா, இருவருக்கும் ஐரோப்பிய விமானச் செலவு, லிஃப்டுகளில் ஏறுவதற்கான ஸ்கீ பாஸ் என்று பெருந்தொகையைப் போட்டுவிட்டால், இரண்டாம் நாள் அவருக்குக் கால் வலித்தால்கூட "இவ்வளவு செலவு செய்தாரே" என்று வலியை மறைத்துக்கொண்டு நிற்பார். அந்தச் சுமையோடு யாரும் கற்க முடியாது. குல்மார்க்கில் இரண்டு நாள் பழகிவிட்டு அவர் போதும் என்றால், பனியில் நடந்தும், கொண்டோலாவில் காங்டூரி வரை போய்வந்தும், ஸ்ரீநகருக்கு இறங்கி தால் ஏரியில் தங்கியும் மீதி நாட்களை நிறைவாகக் கழிக்கலாம். ஆகையால் இந்த முறை பிப்ரவரி முதல் பாதியில் குல்மார்க். அவருக்குப் பிடித்துப்போனால் அடுத்த பொங்கலுக்கு ஓபர்குர்கிள். முதற்பயணத்தில் அடிப்படை கைவந்திருந்தால், அங்கே அவருக்கு நேராக இரண்டாவது சரிவிலேயே தொடங்க முடியும். புறப்படும் முன், ஜம்மு காஷ்மீர் நிர்வாகத்தின் அப்போதைய பாதுகாப்பு அறிவிப்புகளைப் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

நீங்களே சொல்லிக்கொடுப்பது பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். உங்கள் திறமையில் ஐயம் கொண்டு இதைச் சொல்லவில்லை. குல்மார்க் புல்வெளியில் நம்மூர்த் தம்பதியர் இருவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கணவர் பத்தடி கீழே நின்றபடி, "முட்டிய மடக்கு, முன்னால சாய், என்னையப் பாரு" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். அந்தப் பெண் அவரைப் பார்த்தார். பார்த்ததால் முட்டி நிமிர்ந்தது. நிமிர்ந்ததும் உடல் பின்னால் சாய்ந்து ஸ்கீ முன்னே ஓடிவிட்டது. எழுந்து நின்றபோது பனி வலித்ததைவிடக் கணவர் முன்னால் விழுந்த கூச்சம்தான் அவர் முகத்தில் தெரிந்தது. சற்றுத் தள்ளி இருந்த உள்ளூர்ப் பயிற்சியாளர் தம் மாணவியிடம் அரை மணி நேரம் ஒரே ஒரு காரியத்தை, நிற்பதை மட்டும், திரும்பத் திரும்பச் செய்ய வைத்துக்கொண்டிருந்தார். தெரிந்தவர் மறந்துவிட்ட படிகளைப் பயிற்சியாளர் மறப்பதில்லை. அவர் முன்னால் விழுவதில் வெட்கமும் இல்லை. நான்கு காலை வேளைகளுக்குத் தனிப் பயிற்சியாளர் ஒருவரை உங்கள் மனைவிக்காக மட்டும் அமர்த்துங்கள். உரிமம் பெற்றவரா என்று பார்ப்பதோடு, ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லிக்கொடுப்பாரா என்றும் முன்பே பேசிவிடுங்கள். இந்தியில் வரும் கட்டளையை மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே சரிவில் நிற்பது எவருக்கும் கடினம். அந்தக் காலை வேளைகளில் நீங்கள் கண்ணுக்கெட்டாத தூரத்தில் சறுக்குங்கள். மதியம் இருவரும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு, அன்று காலையில் அவர் கற்ற சரிவில் அவருக்குப் பின்னால் ஓரிரு முறை இறங்குங்கள். முன்னால் போய் வழிகாட்ட வேண்டாம், அவராகக் கேட்காமல் திருத்தமும் சொல்ல வேண்டாம்.

உயரப் பயத்தைக் கணக்கில் எடுத்தால் லிஃப்டின் வகை முக்கியமாகிறது. தரையோடு ஊரும் பட்டையான மேஜிக் கார்பெட் இருக்கும் இடத்தில் பயத்துக்கே இடமில்லை. இழுவை லிஃப்டில் கால்கள் பனியை விட்டு எழுவதில்லை. ஆனால் அதில் உட்கார முயன்றால் விழுந்துவிடுவார், நின்றபடியே இழுபட வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லி வையுங்கள். கொண்டோலா மூடிய அறை. கதவுப் பக்கம் பார்க்காமல் மலையை நோக்கி உட்கார்ந்தால் பலருக்கும் பழகிவிடும். இறங்கும்போதும் அதிலேயே திரும்பலாம் என்பது பெரிய ஆறுதல். சேர்லிஃப்டில்தான் கால்கள் அந்தரத்தில் தொங்கும். இந்தப் பயணத்தில் அவரை அதில் ஏற்ற வேண்டாம். மூன்றாம் நாளுக்கான அவருடைய இரண்டாவது சரிவைப் புல்வெளியின் நீளமான பக்கங்களிலேயே பயிற்சியாளர் காட்டிவிடுவார். காங்டூரியிலிருந்து காட்டுக்குள்ளாகக் கீழே வரும் பாதை வரைபடத்தில் சாதுவாகத் தெரியும். முதல் வாரத்தில் அவருக்கு அது வேண்டாம்.

வாடகை பூட்ஸ் சரியாக அமையாவிட்டால் மேலே சொன்ன எல்லாம் வீண். நேராக நிற்கும்போது கால் விரல்கள் பூட்ஸின் முன்புறத்தை மெல்லத் தொட வேண்டும்; முழங்காலை மடக்கி முன்னே சாய்ந்தால் விரல்கள் சற்றுப் பின்வாங்க வேண்டும்; குதிகால் மேலெழும்பக் கூடாது. குளிருமே என்று நம்மவர்கள் கம்பளிக் காலுறையை இரண்டாகப் போட்டுக்கொள்வார்கள். அதனால் இரத்த ஓட்டம் தடைபட்டு விரல்கள் இன்னும் அதிகமாகக் குளிரும். மெல்லிய, நீண்ட காலுறை ஒன்று போதும். உள்பேண்டின் விளிம்பு பூட்ஸுக்குள் போகாமல் மேலேயே இருக்கட்டும், இல்லையேல் கெண்டைக்கால் முன்னெலும்பில் அழுத்திப் புண்ணாக்கிவிடும். ஸ்கீயின் உயரம் அவர் மோவாயைத் தாண்ட வேண்டாம். விழும்போது பூட்ஸை விடுவிக்கும் பைண்டிங்கை எடை, உயரம், வயது, திறமை ஆகியவற்றைக் கேட்டுத்தான் பொருத்துவார்கள். எடையைக் கூச்சமில்லாமல் சரியாகச் சொல்லச் சொல்லுங்கள், முழங்கால் தசைநார் தப்புவது அந்த எண்ணைப் பொறுத்தது. ஹெல்மெட்டும், வெயிலைத் தடுக்கும் காகிள்ஸும் இருவருக்கும் கட்டாயம். பருத்திப் பனியனும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது, எடுத்துச் செல்லவே வேண்டாம். குல்மார்க் ஏறும் வழியில் அடிவாரத்தில் உள்ள தங்மார்க்கில் வண்டி நின்றதும் கோட்டும் ரப்பர் பூட்ஸும் வாடகைக்கு எடுக்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். உங்களிடம் உரிய உடை இருந்தால் மறுத்துவிடலாம்.

உடலைத் தயார் செய்ய மதுரையிலேயே வழி இருக்கிறது. புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பிருந்து கீழக்குயில்குடியில் சமணர் மலைப் படிகளை வாரம் மூன்று காலை இருவருமாக ஏறி இறங்குங்கள்; ஏறுவதைவிட, முழங்காலைச் சற்று மடக்கியபடி நிதானமாக இறங்குவதுதான் சறுக்கும்போது தொடைக்கு வேண்டிய பயிற்சி. தினமும் வீட்டில் தோப்புக்கரணம் போட்டாலே அதில் பாதி கிடைத்துவிடும். குல்மார்க் கொடைக்கானலைவிட ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர்தான் உயரம் என்றாலும், 2,500 மீட்டரைத் தாண்டியதும் சிலருக்குத் தலைவலியும் தூக்கமின்மையும் வரும். முதல் இரவை ஸ்ரீநகரில் கழித்துவிட்டு, இரண்டாம் நாள் மேலே போய் பூட்ஸ் அளவு பார்ப்பதோடு ஓய்வெடுங்கள். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் வகுப்பு. ஐந்தாம் நாள் அவருக்கு ஓய்வு, அது உங்கள் மேரிஸ் ஷோல்டர் நாள். ஆறாம் நாளும் ஏழாம் நாளும் மீண்டும் வகுப்பு. எட்டாம் நாள் ஸ்ரீநகருக்கு இறங்கிவிட வேண்டும். பனி பொழிந்தால் தங்மார்க் சாலையில் சங்கிலி கட்டிய வண்டிகள்தான் ஓடும், ஸ்ரீநகர் விமானங்களும் ரத்தாகும். அந்த ஒரு நாளைக் கையிருப்பாக வைக்காமல் ஒன்பதாம் நாள் நேராக மலையிலிருந்து விமான நிலையம் போகத் திட்டமிடுபவர்கள் மதுரைக்கு ஒரு நாள் தாமதமாகத்தான் வந்து சேர்கிறார்கள்.

காப்பீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பல நேரங்களில் பனிச்சறுக்கு விபத்தை ஏற்பதில்லை; சாகச விளையாட்டுக்கான கூடுதல் பிரிவு சேர்ந்திருக்கிறதா என்று ஆவணத்தில் படித்துப் பார்த்து வாங்குங்கள். அடுத்த ஆண்டு ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டுக்கும் இது பொருந்தும். கொண்டோலா சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். வெளிமாநிலப் ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. இருவருமே போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்ளுங்கள், இல்லையேல் நீங்கள் மேலேயும் அவர் புல்வெளியிலுமாக இருக்கும் காலை வேளைகளில் ஒருவரையொருவர் அழைக்க முடியாது. எப்படியிருந்தாலும், மதியம் எத்தனை மணிக்கு எந்த இடத்தில் சந்திப்பது என்பதைக் காலையில் பிரியும் முன்பே பேசி வைத்துவிடுங்கள், பயிற்சியாளரிடமும் அதைச் சொல்லி வையுங்கள்.